ஜமோவி: அடிப்படைப் புள்ளியியல் கற்கும் ஆய்வாளருக்கு எவ்வளவு உதவும்?

வேலூரிலும் காட்பாடியிலும் கல்லூரிகளை ஒட்டியுள்ள ஜெராக்ஸ் கடைகளில், ஆய்வேட்டுத் தட்டச்சு, பைண்டிங் என்ற வரிகளோடு ‘எஸ்.பி.எஸ்.எஸ். பகுப்பாய்வு செய்து தரப்படும்’ என்ற வரியையும் பலகையில் பார்க்க முடிகிறது. எஸ்.பி.எஸ்.எஸ். என்பது புள்ளியியல் கணக்குகளைச் செய்து தரும் மென்பொருள். நிரப்பிய வினாத்தாள்களை ஒரு பையில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தால், சில நாள்களில் கற்றையாக அட்டவணைகள் திரும்பி வரும். ஒவ்வோர் அட்டவணையின் கீழும் ஆங்கிலத்தில் இரண்டு வரி விளக்கமும் இருக்கும். செய்து கொடுத்தவருக்கு ஆய்வின் பொருள் தெரியாது, வாங்கி வந்தவருக்கு அட்டவணையின் பொருள் தெரியாது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ‘இந்த இடத்தில் ஏன் கை-வர்க்கச் சோதனையைப் பயன்படுத்தினீர்கள்?’ (இரு பண்புகளுக்கிடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை அது) என்று கேட்கும்போது ஆய்வாளர் நெறியாளரின் முகத்தைப் பார்ப்பதும், நெறியாளர் மின்விசிறியைப் பார்ப்பதும் நம் பக்கத்துக் கல்லூரிகளில் பலரும் கண்ட காட்சிதான். இப்படிப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் ஆய்வாளர் தாமாகவே அடிப்படைப் புள்ளியியலைக் கற்றுக்கொள்ள ஜமோவி என்னும் இலவச மென்பொருள் எந்த அளவுக்கு உதவுகிறது, எந்த இடத்தில் உதவாது என்பதை இங்கே எழுதுகிறேன். என் துறையின் முனைவர் பட்ட ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். புள்ளியியல் என் துறையன்று.

ஜமோவியின் பின்னணி சுருக்கமானது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாஸ்ப் என்னும் மென்பொருளில் பணியாற்றிய சிலர் தனியே தொடங்கி, 2017 வாக்கில் வெளிக்கொண்டு வந்த திறமூல மென்பொருள் இது. மேலே தெரியும் முகம் எக்செல் தாளைப் போலவே இருந்தாலும், உள்ளே கணக்கிடும் வேலையை ஆர் என்னும் நிரல்மொழி செய்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவர் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் முதல் முழுப் பதிப்பாக வந்த ஆர், இன்று உலகெங்கும் புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் கருவி என்பதால், இலவசமாகக் கிடைப்பதன் விடை சரியாக இருக்குமா என்ற ஐயத்துக்கு இங்கே இடமில்லை. 1968இல் தொடங்கி, 2009இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கைக்குச் சென்ற எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளுக்குக் கட்டணம் உண்டு. உதவித்தொகை இல்லாமல் பகுதிநேரமாக ஆய்வு செய்பவருக்கு அது எளிதன்று. ஜமோவிக்குக் கட்டணமும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. ஒருமுறை பதிவிறக்கி நிறுவிவிட்டால் அதன்பின் இணையம் இல்லாமலே வேலை செய்யும் என்பது, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் முதலில் மெச்சிய அம்சம்.

கற்பவருக்கு இது தரும் முதல் பாடம், தரவைத் திறந்த உடனேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்பிலும் ஒரு சிறு படம் இருக்கும். அளவுகோல் படம் இருந்தால் அது தொடர்ச்சியான மாறி (மாறி என்பது ஆளுக்கு ஆள் மாறக்கூடிய, நாம் பதிவுசெய்யும் பண்பு). ஏறுவரிசைப் பட்டைகள் இருந்தால் வரிசையளவு மாறி. ஒன்றோடொன்று மேற்பொருந்திய மூன்று வட்டங்கள் இருந்தால் பெயரளவு மாறி. வயதும் மாத வருமானமும் முதல் வகை, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரையிலான விடைகள் இரண்டாம் வகை, ஊரும் தொழிலும் மூன்றாம் வகை. நம் ஆய்வேடுகளில் காணும் பிழைகளில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று எண் கொடுத்துவிட்டு, அந்த நெடுவரிசைக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிட்டு அட்டவணையில் அச்சிட்ட ஆய்வேடுகளை நான் படித்திருக்கிறேன். எக்செல் அதைத் தடுக்காது. எண் என்றால் அதற்கு எல்லாம் எண்தான். ஜமோவியோ, ஒவ்வொரு சோதனைக்கும் உரிய பெட்டியின் ஓரத்திலேயே எந்த வகை மாறி அங்கே பொருந்தும் என்பதைப் படமாகக் காட்டிவிடுகிறது. தரவை உள்ளே கொண்டுவரும்போது மாறியின் வகையை அது தானாக ஊகிக்கும் என்பதையும், அந்த ஊகம் தவறாகவும் இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். எனவே முதல் வேலையாக ஒவ்வொரு நெடுவரிசையையும் திறந்து வகையைச் சரிபார்க்கும்படி என் மாணவர்களிடம் சொல்கிறேன். சலிப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்து முடிக்கும்போது தம் வினாத்தாளில் எந்தக் கேள்வி எதை அளக்கிறது என்பதை அவர்கள் ஒருமுறை முழுமையாக யோசித்திருப்பார்கள்.

இதையொத்த இன்னொரு பாடம், சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைப் பட்டியலில் இருக்கிறது. 1908இல் டப்ளினின் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் பணிபுரிந்த வில்லியம் கோசெட், சிறிய மாதிரிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு துணிந்து பேசலாம் என்ற கேள்விக்காக ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட முறை அது. ஜமோவி அதைச் சார்பற்ற இரு மாதிரி, இணை மாதிரி, ஒற்றை மாதிரி என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு உழவர் சந்தையில் கிடைக்கும் விலையையும் மண்டியில் கிடைக்கும் விலையையும் ஒப்பிட ஒருவர் விரும்புகிறார் என்று கொள்வோம். ஒரே விவசாயியிடம் இரண்டு விலைகளையும் கேட்டிருந்தால் அது இணை மாதிரி; தரவில் இரண்டு விலைகளும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளாக இருக்க வேண்டும். சந்தைக்கு வந்த விவசாயிகள் சிலரிடமும் மண்டிக்கு வந்த வேறு சிலரிடமும் கேட்டிருந்தால் அவை சார்பற்ற மாதிரிகள். விலை ஒரு நெடுவரிசையிலும், எங்கே விற்றார் என்பது இன்னொரு நெடுவரிசையிலும் இருக்க வேண்டும். தரவை எப்படி அடுக்கியிருக்கிறோம் என்பதே, களத்தில் எப்படித் திரட்டினோம் என்பதை நினைவூட்டிவிடுகிறது. இரண்டு குழுக்களின் பரவல் சமமாக இல்லாதபோது பயன்படும் வெல்ச் சோதனையும், இயல்நிலைப் பரவலைச் சரிபார்க்கும் வழிகளும், பரவல்கள் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையும் அதே திரையில் தேர்வுக் கட்டங்களாக இருக்கின்றன. தேடி அலைய வேண்டியதில்லை.

கட்டத்தில் ஒரு குறி வைத்த அடுத்த நொடியே வலப்பக்கத்தில் விடை மாறும் என்பதே ஜமோவியின் தனிச்சிறப்பு. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு இறுதியில் ‘சரி’ என்று அழுத்தினால் புதிய அட்டவணைகள் ஒரு நீண்ட சுருளின் அடியில் போய்ச் சேரும். பழையவையும் அங்கேயே கிடக்கும். ஜமோவியிலோ ஒரு சோதனைக்கு ஓர் இடம்தான். தேர்வை மாற்றினால் அதே இடத்தில் விடை மாறும். எந்தத் தேர்வு எதை மாற்றுகிறது என்பது கண்ணெதிரே நடப்பதால், கற்பவர் விளையாடிப் பார்த்தே பலவற்றைப் புரிந்துகொள்கிறார். இந்த மென்பொருளின் மிகப் பெரிய பலம் இதுதான். மிகப் பெரிய ஆபத்தும் இதுதான். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளர் 50 பேரிடமும் ஒப்பந்தத் தொழிலாளர் 50 பேரிடமும், தம் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைத் தாமே கைப்பேசியில் பார்க்கத் தெரியுமா என்று கேட்டதாகக் கற்பனை செய்துகொள்வோம். நிரந்தரத் தொழிலாளரில் 30 பேர் தெரியும் என்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளரில் 20 பேர் தெரியும் என்கிறார்கள். வேலையின் தன்மைக்கும் இந்த அறிவுக்கும் தொடர்பே இல்லை என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் 25 பேர் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வேறுபாடு 5. அதன் வர்க்கம் 25. அதை எதிர்பார்த்த 25ஆல் வகுத்தால் 1. நான்கு கட்டங்களையும் கூட்டினால் 4. கை-வர்க்க மதிப்பு என்பது இவ்வளவுதான், ஒரு துண்டுத் தாளில் போட்டு முடித்துவிடலாம். இதே எண்களை ஜமோவியில் கொடுத்தால் அதே 4 வருகிறது, பி-மதிப்பு 0.046 என்று காட்டுகிறது. உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பே பி-மதிப்பு. எதிர்பார்க்கும் எண்ணிக்கைகளைக் காட்டச் சொன்னால் அந்த 25களும் அட்டவணையில் வந்து நிற்கின்றன. கையால் போட்ட கணக்கும் திரையில் வந்த கணக்கும் ஒன்றாக இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்ட மாணவருக்கு அந்தச் சோதனையின் மேல் இருந்த அச்சம் போய்விடுகிறது. அதனால் புதிதாக ஒரு சோதனையைக் கற்பிக்கும்போது இப்படிச் சிறிய, உருண்டையான எண்களோடு தொடங்குவதையே பரிந்துரைப்பேன்.

இப்போது அதே திரையில், மதிப்பைச் சற்றுக் குறைத்துக் கணக்கிடும் தொடர்ச்சித் திருத்தம் என்னும் கட்டத்தில் குறி வைத்துப் பாருங்கள். புதிதாகச் சேரும் வரிசையில் மதிப்பு 3.24 எனக் குறைவாகவும், பி-மதிப்பு 0.072 என உயர்வாகவும் வருகிறது. தொடர்பு உண்டு என்று சொல்வதற்கு வழக்கமாகக் கொள்ளும் 0.05 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த முடிவு அந்தப் பக்கம் போய்விட்டது. களத்தில் ஒரு மனிதரின் விடைகூட மாறவில்லை. சுட்டியை ஒருமுறை அழுத்தியதுதான் நடந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவர் எந்தக் கட்டத்தில் குறி வைப்பார் என்பதை ஊகிக்க முடியும். ‘சார், பி வரல, வேற எந்தச் சோதனை போட்டா வரும்?’ என்று என்னிடம் கேட்காத ஆய்வாளர் அரிது. அந்தக் கேள்விக்கு ஜமோவி நொடிக்கொரு விடை தந்துகொண்டே இருக்கும் என்பதே சிக்கல். பழைய முறையில் ஒவ்வொரு முயற்சிக்கும் கொஞ்சம் உழைப்பு தேவைப்பட்டதால் மனச்சாட்சிக்கும் கொஞ்சம் நேரம் கிடைத்தது. இங்கே அந்த இடைவெளி இல்லை. எந்தச் சோதனை, எந்தத் திருத்தம், எந்த எல்லை என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே தாளில் எழுதி, தேதியிட்டு, நெறியாளரிடம் கொடுத்துவிடுவது ஒன்றே இதற்கு மாற்று. மென்பொருள் இதைக் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் நெறியாளர்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, சோதனைகளின் எண்ணிக்கை. பால், வயது, கல்வி, வருமானம், குடும்ப வகை ஆகியவற்றை ஒரு பக்கத்திலும், வினாத்தாளின் கூற்றுகளை எல்லாம் மறு பக்கத்திலும் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கை-வர்க்கச் சோதனை போடும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 0.05 எல்லையில் நடத்தினால், அவற்றில் குறைந்தது ஒன்றாவது தற்செயலாகக் கோட்டைத் தாண்டிவிடும் வாய்ப்பு 64 விழுக்காடு. ஜமோவியின் டி-சோதனை போன்றவற்றில் பல மாறிகளை ஒரே பெட்டியில் அள்ளிப் போட்டு எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விடை வாங்கலாம் என்பதால் இந்த வழக்கம் இன்னும் எளிதாகிவிடுகிறது. பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்குப் பிந்தைய ஒப்பீடுகளுக்கு, இத்தகைய தற்செயல் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் போன்பெரோனி, டூக்கி திருத்தங்களை அது தருகிறது. ஆனால் தனித்தனிச் சோதனைகளாகக் குவித்தவற்றை எண்ணிப் பார்த்து எச்சரிக்கும் வசதி அதில் இல்லை.

விளைவின் அளவைக் கேட்டு வாங்க முடிவது ஜமோவியில் நான் பெரிதும் மதிக்கும் வசதி. மேலே சொன்ன காலணித் தொழிற்சாலைக் கணக்கில் தொடர்பின் வலுவைக் காட்டும் கிராமரின் வி என்னும் அளவு 0.2. அதே விகிதத்தில் 500 நிரந்தரத் தொழிலாளரில் 300 பேர், 500 ஒப்பந்தத் தொழிலாளரில் 200 பேர் என்று எண்களைப் பத்து மடங்காக்கினால் கை-வர்க்க மதிப்பு 40 ஆகிவிடும், பி-மதிப்பு 0.001க்கும் குறைவாகச் சரிந்துவிடும். ஆனால் கிராமரின் வி அதே 0.2தான். தொடர்பு வலுப்பெறவில்லை, ஆட்கள் கூடியிருக்கிறார்கள், அவ்வளவே. பி-மதிப்பு ஒரு விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ அளப்பதன்று என்று அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னதை, வகுப்பில் மணிக்கணக்கில் விளக்குவதைவிட இந்த இரண்டு அட்டவணைகளை அருகருகே வைத்துக் காட்டுவது நன்றாகப் புரியவைக்கிறது. டி-சோதனையில், சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தின் அலகில் சொல்லும் கோஹெனின் டி அளவையும், உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளைக் காட்டும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் ஓரிரு குறிகளில் பெறலாம். இவை தாமாக வருவதில்லை, நாம் கேட்டால்தான் வரும் என்பது மட்டும் எனக்குக் குறையாகப் படுகிறது. பி-மதிப்பு கேட்காமலே வருகிறது. அதைவிடத் தேவையானது கேட்டால்தான் வருகிறது.

நம்பிக்கை இடைவெளியைப் புரியவைக்க நம் ஊருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. ரோட்டா நச்சுயிரியால் குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு எதிராக இந்தியாவில் உருவாக்கப்பட்ட 116இ தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. வேலூரில் அதை நடத்தியது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. மொத்தம் 6,799 குழந்தைகள். மருந்து பெற்றவர், போலி மருந்து பெற்றவர் என 2:1 விகிதத்தில் தற்செயல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள். 2014இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, மருந்து பெற்ற குழுவில் 4,752 நபர்-ஆண்டுகளில் 71 கடும் பாதிப்புகளும், மற்றக் குழுவில் 2,360 நபர்-ஆண்டுகளில் 76 கடும் பாதிப்புகளும் பதிவாயின (ஒரு குழந்தையை ஓராண்டு கண்காணித்தால் ஒரு நபர்-ஆண்டு). இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம், கணிப்பானே போதும். 71ஐ 4,752ஆல் வகுத்து, 76ஐ 2,360ஆல் வகுத்து, முதல் விடையை இரண்டாம் விடையால் வகுத்தால் ஏறத்தாழ 0.464 வரும், ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.536. அதாவது தடுப்பாற்றல் 53.6 விழுக்காடு. ஆய்வுக் கட்டுரை அந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிடவில்லை. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 35.0 முதல் 66.9 வரை என்றும் சேர்த்தே சொன்னது. ஏறத்தாழ ஏழாயிரம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வே இவ்வளவு அகலமான இடைவெளியை வெளிப்படையாக அறிவிக்கும்போது, 120 பேரிடம் வினாத்தாள் கொடுத்துவிட்டு ‘67.5 விழுக்காட்டினர் நிறைவடைந்துள்ளனர்’ என்று தசமப் புள்ளியோடு அடித்துச் சொல்வது எவ்வளவு துணிச்சலான செயல் என்பதை மாணவர்கள் அங்கேயே உணர்ந்துவிடுகிறார்கள். இவ்வகை மதிப்பீடுகளுக்கும் இடைவெளிகளுக்கும் முதலிடம் கொடுக்கும் இஎஸ்சிஐ என்னும் கூடுதல் தொகுதியை ஜமோவியின் நூலகத்திலிருந்து இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கற்பவர் முதலில் அதைச் சேர்ப்பது நல்லது.

வினாத்தாளின் நம்பகத்தன்மையைக் கணக்கிடும் பகுதியும் பாராட்டத்தக்கது. கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்பதைக் காட்டும் கிரோன்பாக்கின் ஆல்ஃபா 0.7க்கு மேல் இருந்தால் போதும் என்ற ஒரே வாக்கியத்தோடு இந்தப் பகுதியைத் தாண்டிவிடுவது நம் வழக்கம். ஜமோவி, அதே நோக்கிலான இன்னோர் அளவான மெக்டொனால்டின் ஒமேகாவையும் தருகிறது. எந்தக் கூற்றை நீக்கினால் ஆல்ஃபா எவ்வளவு மாறும் என்பதையும் காட்டுகிறது. எதிர்மறையாக அமைந்த ஒரு கூற்றைத் திருப்பிப் போட மறந்திருந்தால், அந்தக் கூற்று மற்றவற்றோடு எதிர்த்திசையில் செல்கிறது, அதைத் திருப்ப வேண்டியிருக்கலாம் என்று அட்டவணையின் கீழேயே குறிப்பு எழுதுகிறது. ஒரு நல்ல நெறியாளர் சொல்லும் சொல் அது.

இனி, எந்த மென்பொருளாலும் ஆகாத ஒன்றைப் பற்றி. நம் ஆய்வேடுகளின் மூன்றாம் இயலில் 384 என்ற எண் ஒரு குலதெய்வம்போல எங்கும் குடியிருக்கிறது. மாதிரியின் அளவு ஏன் 384 என்று கேட்டால், 1970இல் வெளியான கிரெஜ்சி, மார்கன் அட்டவணையைச் சுட்டுவார்கள். அந்த எண் வந்த வழி எளியது: 95 விழுக்காடு நம்பிக்கைக்கு உரிய 1.96இன் வர்க்கத்தை, பாதிக்குப் பாதி என்ற விகிதத்துக்கு உரிய 0.25ஆல் பெருக்கி, 5 விழுக்காடு பிழை எல்லையின் வர்க்கமான 0.0025ஆல் வகுத்தால் 384.16. பெரிய முழுமைத்தொகுதியிலிருந்து (ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்கள் எல்லோரும் அடங்கிய தொகுதி) எளிய தற்செயல் முறையில், அதாவது ஒவ்வொருவருக்கும் சமமான வாய்ப்பு இருக்கும்படி தேர்ந்தெடுத்து, ஒரு விகிதத்தை மதிப்பிடும்போது மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். புதிய பேருந்து நிலையத்தில் நின்று, பேச இசைந்த 384 பேரைப் பிடித்துக் கேட்டுவிட்டு இந்தச் சூத்திரத்தைக் காட்டுவதில் பொருள் இல்லை. அந்த 384 பேரில் பேருந்தில் செல்லாதவர் இல்லை, அவசரத்தில் இருந்தவர் இல்லை, வீட்டை விட்டு வெளியே வராதவர் இல்லை. ஜமோவி அந்தத் தரவையும் வாங்கிக்கொண்டு அழகான அட்டவணை தரும். முழுமைத்தொகுதி எது என்பதிலும் இதே நிலைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 39 லட்சத்துக்கு மேல் மக்களைக் கொண்டிருந்த வேலூர் மாவட்டம், 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்துவிட்டது. பழைய மாவட்டத்தின் எண்களையும் புதிய மாவட்டத்தின் எண்களையும் ஒரே பெயரின் கீழ் அடுத்தடுத்து வைத்து ‘வளர்ச்சி விகிதம்’ கண்டுபிடித்தால், கணக்கு பிசகாமல் வரும். விடை மட்டும் பொய்யாக இருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் இந்தப் பிழை வாய்மொழித் தேர்வையும் தாண்டிப் போய்விடக்கூடியது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தரவின் வடிவத்தை மாற்றுவதற்கும், சிதறிக் கிடக்கும் தரவைத் துப்புரவு செய்வதற்கும் ஜமோவி அவ்வளவாக ஏற்றதன்று. அந்த வேலையை எக்செல்லிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. கூகுள் படிவத்திலிருந்து இறக்கிய கோப்பில் முழு வினாக்களும் நெடுவரிசைப் பெயர்களாக வந்து நிற்கும். அவற்றைச் சிறு பெயர்களாக மாற்றாமல் உள்ளே கொண்டுவந்தால் பட்டியலில் எதையும் அடையாளம் காண முடியாது. மிகப் பெரிய தரவுக்கோப்புகளில் வேகம் குறைகிறது. பொருளியல் ஆய்வாளர்களுக்குத் தேவையான காலத்தொடர், பலகைத் தரவுப் பகுப்பாய்வுகளும், தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு போன்ற பல அடுக்கு மாதிரிகளுக்கான முறைகளும் அடிப்படைப் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட ஆய்வு செய்பவர்கள் ஆர் மொழியைக் கற்பதைத் தவிர்க்க முடியாது. அதற்கும் ஜமோவி ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறது. அமைப்புகளில் தொடரியல் நிலையை இயக்கினால், நாம் சுட்டியால் செய்த ஒவ்வொரு பகுப்பாய்வுக்கும் உரிய ஆர் கட்டளையை அந்த அட்டவணையின் மேலேயே காட்டும். என் ஆய்வாளர்களில் ஆர் பக்கம் நகர்ந்தவர்கள் அந்த வரிகளை நகலெடுத்துப் பார்த்தே தொடங்கினார்கள்.

கற்க விரும்புவோர்க்குத் துணையாக, டேனியல் நவார்ரோவும் டேவிட் ஃபாக்ஸ்கிராஃப்டும் இந்த மென்பொருளை வைத்தே எழுதிய ஆங்கிலப் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ஆங்கிலம் கடினமானதன்று. ஆனால் தமிழ் வழியில் முதுகலை முடித்து வந்தவர்களுக்கு முதல் சில இயல்கள் மட்டும் யாராவது உடன் அமர்ந்து படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மேல்நிலை வகுப்புப் புள்ளியியல் தமிழ்ப் பாடநூலை அருகில் வைத்துக்கொண்டால் சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், ஒட்டுறவு ஆகியவற்றைப் புரிந்துகொள்வதற்குத் தடையே இல்லை.

நிறுவும்போது பதிவிறக்கப் பக்கத்தில் இரண்டு பதிப்புகள் இருக்கும். புதிய வசதிகள் நிறைந்த நடப்புப் பதிப்பைவிட ‘சாலிட்’ என்று குறிக்கப்பட்டிருக்கும் நிலையான பதிப்பே ஆய்வேட்டுப் பணிக்கு ஏற்றது. ஆய்வு முடியும் வரை பதிப்பை மாற்றாமல் இருப்பதும், பதிப்பு எண்ணை ஆய்வேட்டில் எழுதிவிடுவதும் நல்லது. ஜமோவியின் கோப்பில் தரவும், செய்த பகுப்பாய்வுகளும், விடைகளும், இடையிடையே நாம் எழுதிய குறிப்புகளும் ஒன்றாகவே சேமிக்கப்படுகின்றன. எனவே ஒருவர் அனுப்பிய கோப்பைத் திறந்தால் அவர் எந்த மாறியை எந்தப் பெட்டியில் போட்டார், எந்தக் கட்டத்தில் குறி வைத்தார் என்பதெல்லாம் அப்படியே தெரியும். அச்சிட்ட அட்டவணைகளை மட்டும் வாங்கிப் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கத்தை விட்டுவிட்டு, இப்போது எங்கள் துறையில் ஒவ்வோர் இயலோடும் இந்தக் கோப்பையும் கேட்டு வாங்குகிறோம். கடையில் கொடுத்துச் செய்து வாங்கிய பகுப்பாய்வுக்கு அப்படி ஒரு கோப்பு இருப்பதில்லை.